பூ ஏன் இலையானது? சுவரில்லாத பாக்டீரியாவின் கதை

சென்ற மாதம் படிவம் 4 மாணவி ஒருத்தி நித்தியகல்யாணிக் கிளை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகில், தோட்டத்து லயத்தில் இருக்கும் அவளுடைய பாட்டி வீட்டு வேலியோரம் பூத்ததாம். நித்தியகல்யாணி வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூக்கும் என்பது நமக்குத் தெரியும். இந்தக் கிளையில் பூக்கள் பச்சையாக இருந்தன. உற்றுப் பார்த்தால், இதழ் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன இலைகள்! ஒரு பூவின் நடுவிலிருந்து இன்னொரு தளிரே முளைத்திருந்தது. மற்ற இலைகள் சிறுத்து, வெளிர் மஞ்சளாகி, கணுவுக்குக் கணு நெருக்கமாகக் கொத்துக்கொத்தாய் இருந்தன.

"டீச்சர், இது அபூர்வமான வகை. கிளை கிளையா வெட்டிப் பதியம் போட்டு, தொழில்முனைவு தினத்துல ஒரு தொட்டி அஞ்சு வெள்ளினு விக்கலாமா?" என்று கேட்டாள்.

வணிக மூளை நல்ல மூளைதான். ஆனால் அந்தக் கிளையை வெட்டி நட வேண்டாம் என்று சொன்னேன். அவள் முகம் வாடிப்போனது. ஏன் வேண்டாம் என்பதை அன்று பாட நேரத்தில் முழுதாய் விளக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கும், அவளைப் போல் கேட்கக்கூடிய உங்களுக்கும்.

அந்தச் செடி அபூர்வ வகை இல்லை, நோயாளி. ஆய்வகச் சோதனை இல்லாமல் எந்த நோயையும் அறுதியிட்டுச் சொல்லக்கூடாது. ஆனாலும் பூ பச்சையாவது, இதழ் இலையாவது, இலை சிறுத்துக் கொத்தாவது ஆகிய மூன்றும் ஒரே செடியில் சேர்ந்து வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: பைட்டோபிளாஸ்மா. அது ஒரு பாக்டீரியா. ஆனால் பாடநூலில் நீங்கள் படம் வரைந்து பாகம் குறிக்கும் பாக்டீரியாவிடம் இருக்கும் முக்கியமான ஒன்று இதனிடம் இல்லை. அதுதான் உயிரணுச் சுவர்.

டயர் இல்லாத தியூப்

படிவம் 4 உயிரியலில் சவ்வூடு பரவல் படித்திருப்பீர்கள். சிவப்பணுவைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டால் என்ன ஆகும்? நீர் உள்ளே புகும், அணு உப்பும், கடைசியில் வெடிக்கும். வெங்காயத் தோலின் உயிரணுவை அதே நீரில் போட்டால் வெடிக்காது, விறைத்து நிற்கும். காரணம் சுவர். மலாய்ப் பாடநூலில் 'டிண்டிங் செல்' என்று வருகிறதே, அதுதான்.

சைக்கிள் டயரைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் தியூபுக்கு மட்டும் காற்றடித்துப் பாருங்கள். ஓர் இடத்தில் பலூன் மாதிரி புடைக்கும். இன்னும் அடித்தால் வெடிக்கும். டயர் மேலே இருந்தால் அதே தியூப் எவ்வளவு அழுத்தத்தையும் தாங்கும். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு டயர் போல இருப்பது பெப்டிடோகிளைக்கன் என்னும் வலைப்பின்னல். சர்க்கரை இழைகளைப் புரதத் துண்டுகள் குறுக்கே பிணைத்த வலை அது. மழைநீரிலும், மண்ணிலும், சாக்கடையிலும், நம் குடலிலும் பாக்டீரியா வெடிக்காமல் பிழைப்பது இந்த வலையால்தான்.

பெனிசிலின் இந்த வலையைத்தான் குறிவைக்கிறது. வலையின் குறுக்குப் பிணைப்புகளைப் போடும் நொதியை அது முடக்கிவிடும். பாக்டீரியா வளர வளர வலை நைந்து கிழியும். உள் அழுத்தம் தாங்காமல் உயிரணு வெடிக்கும். நம் உயிரணுக்களுக்குப் பெப்டிடோகிளைக்கன் சுவர் இல்லை, ஆகையால் பெனிசிலின் நம்மை வெடிக்க வைப்பதில்லை. அமோக்சிசிலினும் இதே குடும்பம்தான்.

சரி, சுவரே இல்லாத பாக்டீரியாவுக்குப் பெனிசிலின் கொடுத்தால்? ஒன்றும் ஆகாது. டயரே இல்லாத வண்டியில் டயரைக் குத்த முடியுமா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இருமல் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

சுவரில்லாத பாக்டீரியாக்களில் விலங்குகளையும் மனிதரையும் பற்றுபவற்றில் பெரும்பாலானவற்றை மைக்கோபிளாஸ்மா என்கிறோம். செடிகளைப் பற்றுபவை பைட்டோபிளாஸ்மா. இவற்றின் மூதாதையருக்குச் சுவர் இருந்தது. 1980இல் அமெரிக்க அறிவியலாளர் கார்ல் வோஸும் உடன் ஆய்வாளர்களும் ஆர்.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு, மைக்கோபிளாஸ்மாக்கள் தடித்த சுவருள்ள கிராம் நேர் பாக்டீரியாக்களின் உறவினர்கள் என்று காட்டினார்கள். ஆக, இவை சுவர் கட்டத் தெரியாத ஆதி உயிர்கள் அல்ல. கட்டத் தெரிந்திருந்து கைவிட்ட வாரிசுகள். ஏன் கைவிட்டன? வேறொருவர் வீட்டுக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிட்டால் சொந்தக் கூரை எதற்கு?

அறிஞர்களை ஏமாற்றியவை

இந்த உயிர்கள் நெடுங்காலம் ஆய்வாளர்களின் கண்ணில் மண்ணைத் தூவின. 1898இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் நோகார், ரூ ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் மாடுகளின் நுரையீரல் கொள்ளைநோய்க்குக் காரணமானதை வளர்த்துக் காட்டினார்கள். வளர்த்த விதம் விசித்திரமானது. கொல்லோடியன் என்ற மெல்லிய பொருளால் செய்த சிறு பையில் வளர்ப்புத் திரவத்தை ஊற்றி, நோய்ப்பட்ட மாட்டின் நுரையீரல் நீரைச் சிறிது சேர்த்து, அந்தப் பையை முயலின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்தார்கள். பையின் வழியே உணவு ஊறிச் செல்லும். முயலின் வெள்ளணுக்கள் நுழைய முடியாது. நாள்கள் கழித்து எடுத்துப் பார்த்தபோது திரவம் லேசாகக் கலங்கியிருந்தது. அன்றைய நுண்ணோக்கியில் வடிவம் சரியாகத் தெரியாத அளவுக்கு மிகச் சிறிய புள்ளிகள். அதுவே மனிதன் வளர்த்த முதல் மைக்கோபிளாஸ்மா.

சிக்கல் எங்கே வந்தது என்றால், பாக்டீரியாவைத் தடுக்கும் நுண் வடிகட்டிகளை இவை தாண்டிவிடும். சுவரில்லாத உடம்பு வளைந்து நெளிந்து நுழைந்துவிடும். வடிகட்டியைத் தாண்டினால் வைரஸ் என்பது அக்கால விதி. ஆகவே இவற்றில் பலவற்றுக்கு வைரஸ் என்றே முத்திரை விழுந்தது. 1944இல் மன்ரோ ஈட்டன் கண்ட மனித நுரையீரல் நோய்க்கிருமியும் அப்படித்தான் வைரஸ் என்று எண்ணப்பட்டது. 1962இல்தான் அதைச் செயற்கை ஊடகத்தில் வளர்த்து, அது மைக்கோபிளாஸ்மா என்று உறுதிசெய்தார்கள்.

செடிகளின் கதையும் இதேதான். குடகுப் பகுதியில் சந்தன மரங்களின் இலைகள் ஈட்டி முனை போலக் குறுகி மரமே செத்துப்போகும் நோய் 1899இல் பதிவானது. கத்தரிச் செடியின் இலைகள் சிறுத்து, காய்ப்பே நின்றுபோகும் சிற்றிலை நோயைக் கோயம்புத்தூரில் 1930களின் இறுதியில் விவரித்தார்கள். எள்ளுச் செடியில் பூ இலையாகும் நோய்க்குத் தமிழ்நாட்டு வேளாண் நூல்களில் பூவிலை நோய் என்ற பொருத்தமான பெயரே உண்டு. இவை அனைத்துக்கும் வைரஸ்தான் காரணம் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள்.

1967இல் ஜப்பானில் முடிச்சு அவிழ்ந்தது. டோய் யோஜியும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயுற்ற முசுக்கட்டைச் செடியை மெல்லிய சீவல்களாக்கி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உணவைக் கடத்தும் புளோயம் குழாய்க்குள் சுவரில்லாத, வட்டமும் நீளமுமாக வடிவம் மாறும் உடல்கள் கூட்டமாகத் தெரிந்தன. விலங்கு நோய்களில் பார்த்த மைக்கோபிளாஸ்மாவின் சாயல் அதில் இருந்தது. உடனே அடுத்த சோதனை நடந்தது. நோயுற்ற செடிக்கு டெட்ராசைக்ளின் கொடுத்தார்கள். நோய் அறிகுறிகள் பின்வாங்கின. டெட்ராசைக்ளின் வைரஸைத் தொடாது. பாக்டீரியாவின் புரத ஆலையான ரிபோசோமை நிறுத்தும். ஆக, உள்ளே இருப்பது பாக்டீரியா. அப்படியென்றால் பெனிசிலின்? அது இந்நோய்களில் வேலை செய்யவில்லை. ஆக, அந்தப் பாக்டீரியாவுக்குச் சுவர் இல்லை. இரண்டு மருந்துகள், இரண்டு விடைகள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கருவி பெரிதாக இல்லாத காலத்தில் கேள்வியைச் சரியாகக் கேட்டுப் பதிலை வாங்கியிருக்கிறார்கள்.

சுவரின்றி எப்படிப் பிழைக்கின்றன?

சுவரில்லாத உயிருக்கு வெளியுலகம் பெரும் ஆபத்து. ஒரு துளி மழைநீரே எமன். இதற்கு அவை கண்ட முதல் வழி, சவ்வையே கெட்டிப்படுத்துவது. நம் உயிரணுச் சவ்வில் கொலஸ்ட்ரால் இருந்து அதற்கு உறுதி தருகிறது. பாக்டீரியாக்களுக்குப் பொதுவாக அது கிடையாது. மைக்கோபிளாஸ்மாக்களோ தாங்கள் குடியிருக்கும் விலங்கின் கொலஸ்ட்ராலைத் திருடித் தங்கள் சவ்வில் பதித்துக்கொள்கின்றன. அதனால் ஆய்வகத்தில் அவற்றை வளர்க்க வேண்டுமானால் ஊடகத்தில் குதிரை இரத்த நீரைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

1936இல் இலண்டன் சாக்கடை நீரில் லெய்ட்லா, எல்ஃபோர்டு என்ற இருவர் ஒரு தனி வகையைக் கண்டுபிடித்தார்கள். இன்று அதற்கு அக்கோலிபிளாஸ்மா லெய்ட்லாவி என்று பெயர். இதற்குக் கொலஸ்ட்ரால் கட்டாயம் இல்லை. கேரட்டின் நிறமியோடு உறவுள்ள கரோட்டினாய்டுகளைத் தானே தயாரித்துச் சவ்வுக்கு உறுதி கொடுத்துக்கொள்ளும். வெப்பம் கூடும்போது மற்றப் புரதங்கள் குலைந்து கட்டியாகாமல் தாங்கிப் பிடிக்கும் ஒரு சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதமும் இதனிடம் உண்டு. ரஷ்ய ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சாக்கடையிலும், விலங்கிலும், செடியிலும் இது கிடைப்பதற்கு இப்படிப்பட்ட முன்னேற்பாடுகள் காரணம். நம் பைட்டோபிளாஸ்மாக்கள் பரம்பரையில் இந்த அக்கோலிபிளாஸ்மாவுக்குத்தான் நெருக்கம்.

பைட்டோபிளாஸ்மா வேறு பாதையில் போனது. அது வெளியுலகுக்கு வருவதே இல்லை. செடியின் புளோயத்தில் இருக்கும். இல்லாவிட்டால் சாறுண்ணும் தத்துப்பூச்சியின் உடலில் இருக்கும். இந்த இரண்டைத் தவிர அதற்கு வேறு உலகம் கிடையாது. புளோயத்துச் சாறு சர்க்கரை செறிந்தது. செடியே சமைத்து வைத்த சோறு. அப்படி உட்கார்ந்து சாப்பிட்டதன் விளைவு அதன் மரபணுத் தொகுதியில் தெரிகிறது. 2004இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் வெங்காய மஞ்சள் நோய்ப் பைட்டோபிளாஸ்மாவின் மரபணுத் தொகுதியை முழுதும் படித்தார்கள். சுமார் 8 இலட்சத்து 60 ஆயிரம் எழுத்துகள், 754 மரபணுக்கள். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குச் சுமார் 46 இலட்சம் எழுத்துகள்.

எது எது தொலைந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் திகைத்தார்கள். ஏ.டி.பி. தயாரிக்கும் 'ஏ.டி.பி. சிந்தேஸ்' நொதியின் மரபணுக்களே காணவில்லை! உயிரியல் பாடத்தில் ஏ.டி.பி. இல்லாமல் உயிர் இல்லை என்று படிக்கிறோம். அந்த நொதி ஏறக்குறைய எல்லா உயிர்களிலும் இருப்பது. அதையும் விட்டுவிட்டு ஓர் உயிர் வாழ்கிறது என்றால், மின்சாரத்தைக்கூட அடுத்த வீட்டுக் கம்பியிலிருந்து இழுத்துக்கொள்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படி எல்லாவற்றையும் தொலைத்த உயிருக்கு ஒரு கடுமையான சோதனை காத்திருக்கிறது. தத்துப்பூச்சி செடியில் சாறு உறிஞ்சும்போது பைட்டோபிளாஸ்மா பூச்சியின் குடலுக்குள் போகிறது. புளோயச் சாற்றின் அடர்த்தி வேறு, பூச்சி இரத்தத்தின் அடர்த்தி வேறு. கிடைக்கும் உணவு வேறு. எதிர்க்கும் நோய் எதிர்ப்பாற்றல் வேறு. சுவர் இருந்தால் கவலையில்லை. இங்கே வெறும் சவ்வு. குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைய வேண்டும். அதன்பிறகுதான் பூச்சி அடுத்த செடியில் வாய் வைக்கும்போது இறங்க முடியும். இந்தப் பயணத்துக்கு வாரக்கணக்கில் ஆகும்.

2011இல் அதே டோக்கியோ குழுவினர், செடியில் இருக்கும்போதும் பூச்சியில் இருக்கும்போதும் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மரபணுக்களின் செயல்பாடு மாறியிருந்தது. 754 மரபணுக்களை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வேடம் போடுகிறது! அவற்றில் ஒன்று சவ்வில் இருக்கும் ஒரு வால்வு. சவ்வு அளவுக்கு மீறி இழுபடும்போது இந்த வால்வு திறந்து உள்ளிருப்பதைச் சிறிது வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும். பிரஷர் குக்கரின் விசில் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். செடிக்குள் இருக்கும்போது இந்த வால்வு மும்முரமாக இயங்கியது. அதை அடைக்கும் வேதிப்பொருளைச் செடிக்குக் கொடுத்தபோது பைட்டோபிளாஸ்மாவின் வளர்ச்சி ஒடுங்கியது. சுவர் செய்த வேலையை இங்கே வால்வு செய்கிறது.

இலையாகும் பூ யாருக்கு இலாபம்?

மாணவியின் கிளைக்குத் திரும்புவோம். பூவை இலையாக்கி இந்தக் கிருமிக்கு என்ன கிடைக்கிறது? நோயால் செடி தடுமாறிப்போய் அப்படி ஆகிறது என்றுதான் நானும் கல்லூரிக் காலத்தில் நினைத்திருந்தேன். உண்மை இன்னும் சுவையானது.

இங்கிலாந்தின் நார்விச் நகரில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் சாஸ்கியா ஹோகன்ஹவுட் தலைமையிலான குழு, பைட்டோபிளாஸ்மா செடிக்குள் விடும் புரதங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. அவற்றில் ஒன்றின் பெயர் எஸ்.ஏ.பி.54. பூவில் எந்த இடத்தில் இதழ், எந்த இடத்தில் மகரந்தத் தாள் என்று ஆணையிடும் மேலாளர் புரதங்கள் ஒவ்வொரு செடியிலும் உண்டு. எஸ்.ஏ.பி.54 அந்த மேலாளர்களைப் பிடித்து, செடியின் சொந்தக் குப்பைத் தொட்டியான புரோட்டியோசோமுக்கு அனுப்பிவிடுகிறது. செடியே தன் மேலாளர்களை நொறுக்குகிறது. ஆணையிட ஆளில்லாத மொட்டு என்ன செய்யும்? பழைய பழக்கத்துக்குத் திரும்பி இலையாக வளர்கிறது. கிருமியே இல்லாத செடியில் இந்த ஒரு மரபணுவை மட்டும் புகுத்தியபோதும் பூ இலையானது. 2014இல் அவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: அப்படி மாறிய செடிகளைத் தத்துப்பூச்சிகள் அதிகம் நாடி வந்தன.

இப்போது கணக்குப் புரிகிறதா? பூ விதையானால் செடிக்கு இலாபம். பைட்டோபிளாஸ்மா பொதுவாக விதை வழியே போவதில்லை. அதற்குப் பூச்சிதான் பேருந்து. பூச்சிக்கு வேண்டியது இளந்தளிர். ஆகவே விதைக்குப் போக வேண்டிய சத்தையெல்லாம் தளிராக்கிப் பேருந்து நிறுத்தம் கட்டுகிறது. செடி உயிரோடு நிற்கும், பச்சையாக இருக்கும், ஆனால் இனி அது தனக்காக வாழவில்லை. 'ஸோம்பி' செடி என்று ஆய்வாளர்களே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்ன வேடிக்கை. கிறிஸ்துமஸ் நேரத்தில் பேரங்காடிகளில் சிவப்பு இலைகளோடு தொட்டித் தொட்டியாக அடுக்கியிருக்கும் பாய்ன்செட்டியாச் செடி, குட்டையாகப் பல கிளை விட்டு அழகாக நிற்பதற்குக் காரணமும் ஒரு பைட்டோபிளாஸ்மாதான். 1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். அந்தக் கிருமியை நீக்கிவிட்டால் செடி ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென்று வளர்ந்துவிடும். நோயாளியை அழகு என்று விற்பது நம் மாணவிக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை!

நம் நெஞ்சுக்குள்

மனிதருக்குப் பைட்டோபிளாஸ்மா வராது; பச்சைப் பூவைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் உறவினன் மைக்கோபிளாஸ்மா நிமோனியே பள்ளி விடுதிகளிலும் வீடுகளிலும் சுற்றுவதுண்டு. ஒருவர் இருமினால் தெறிக்கும் துளிகள் வழியே அடுத்தவருக்குப் போகும். தொற்றி இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே அறிகுறி தெரியும். காய்ச்சல், தொண்டை வலி, பிறகு விடாத வறட்டு இருமல். ஆள் படுக்கையில் விழாமல் பள்ளிக்கு வந்துகொண்டே இருப்பார். 'நடமாடும் நிமோனியா' என்ற பெயர் அதனால் வந்தது.

இதன் உடலின் ஒரு முனை கூம்பியிருக்கும். அந்த முனையில் பி1 என்ற பசைப் புரதம். மூச்சுக்குழாயில் சளியைத் துடுப்புப் போட்டு மேலே தள்ளும் நுண்மயிர்களின் அடியில் அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடும். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே பொருள். நுண்மயிர்கள் அசைவை நிறுத்தும், சளி வெளியேறாது, நாம் இருமிக்கொண்டே இருப்போம். நம் எதிர்ப்பாற்றல் பி1 புரதத்தை அடையாளம் கண்டு தாக்கவரும் என்பதால், அந்த மரபணுவின் துண்டுகளைப் பல பிரதிகளாக வைத்துக்கொண்டு சீட்டுக் கலைப்பது போல் மாற்றி மாற்றிச் சேர்த்து வேறு முகம் காட்டவும் இதனால் முடியும்.

இனி அந்தப் பழைய கேள்வி. வீட்டு அலமாரியில் போன தடவை வாங்கிய அமோக்சிசிலின் மிச்சம் இருக்கிறது. பிள்ளை இரண்டு வாரமாய் இருமுகிறான். "ரெண்டு கொடுத்துப் பார்ப்போமே" என்று அம்மா நினைப்பது இயல்பு. எங்கள் வீட்டிலும் அது நடந்திருக்கிறது. இருமல் இந்தக் கிருமியால் வந்திருந்தால் அமோக்சிசிலினுக்குக் குத்துவதற்கு டயரே கிடையாது. நோய் குறையாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் மட்டும் அடிபடும். அங்கே மருந்தை எதிர்க்கத் தெரிந்தவை பெருகும். இதற்கு மருத்துவர்கள் தருவது ரிபோசோமைத் தாக்கும் வேறு மருந்துகள், அசித்ரோமைசின் போன்றவை. ஆசிய நாடுகளில் அவற்றையும் எதிர்க்கும் வகைகள் பரவிவிட்டன. அதனால் எந்த மருந்து என்று முடிவுசெய்வதை அலமாரியிடம் விடாமல் கிளினிக்கிடம் விடுவதே சரி.

தென்னைக்கு வந்த மஞ்சள்

கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம்வரை கடலோரக் கம்பங்களில் தென்னை இல்லாத வீடு குறைவு. நம் தோட்டப்புறங்களிலோ பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல காலமாயிற்று. இந்த இரண்டு மரங்களுக்கும் பைட்டோபிளாஸ்மாவோடு தொடர்பு உண்டு.

2009ஆம் ஆண்டு வாக்கில் செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மஞ்சளாகி நலிந்த தென்னைகளில் பைட்டோபிளாஸ்மா இருப்பதை அறிவித்தார்கள். 'தென்னை மஞ்சள் நலிவு' என்று சொல்லலாம். அடி மட்டைகள் முதலில் மஞ்சளாகிப் பழுத்துக் காயும். பிறகு மேல் மட்டைகள். கடைசியில் குருத்தும் போய் மரம் மொட்டையாகும். கோவிட் காலத்தில் நமக்குப் பழகிப்போன பி.சி.ஆர். சோதனைதான் இங்கும் கைகொடுத்தது. வளர்க்க முடியாத கிருமியை அதன் மரபணுவை வைத்து அடையாளம் காண்கிறார்கள்.

2013இல் அதே பல்கலைக்கழகத்தினர் ஒரு புதிய இனத்தை விவரித்து, 'கேண்டிடேட்டஸ் பைட்டோபிளாஸ்மா மலேசியானம்' என்று நம் நாட்டின் பெயரையே சூட்டினார்கள். எந்தச் செடியிலிருந்து தெரியுமா? பூ பச்சையாகி இலையான நித்தியகல்யாணியிலிருந்து! மாணவி மேசைமேல் வைத்த கிளையைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது இதுதான். 'கேண்டிடேட்டஸ்' என்றால் வேட்பாளர். ஆய்வகத்தில் தனியாக வளர்த்துக் காட்டும்வரை இந்த உயிர்களுக்கு முழுப் பெயர் தரமாட்டார்கள். தேர்தலில் நிற்கலாம், இன்னும் ஒய்.பி. ஆகவில்லை.

இந்த இனத்தின் நெருங்கிய உறவினங்கள் மலாயன் மஞ்சள் குட்டைத் தென்னையிலும் செம்பனையிலும் கிடைத்திருக்கின்றன. செம்பனைக்கு இன்றைய பெரிய எதிரி கனோடெர்மா பூசணம்தான். அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் வேலியோரப் பூச்செடியிலும், கம்பத்துத் தென்னையிலும், தோட்டத்துச் செம்பனையிலும் ஒரே குழுவைச் சேர்ந்த கிருமிகள் இருக்கின்றன என்பது யோசிக்க வைக்கிறது. தத்துப்பூச்சிக்கு வேலி ஒரு தடையா என்ன?

வரலாற்றில் இதற்கு ஒரு முரண் உண்டு. ஜமைக்காவிலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் 'உயிர்பறிக்கும் மஞ்சள்' என்ற பைட்டோபிளாஸ்மா நோய் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. ஃபுளோரிடாவில் மரத்தின் தண்டில் டெட்ராசைக்ளின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருந்தால் மரம் தாக்குப்பிடித்தது. நிறுத்தினால் நோய் திரும்பியது. சாலையோர அழகு மரத்துக்குச் சரி, விவசாயிக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? அதனால் நோயைத் தாங்கும் இரகத்தைத் தேடினார்கள். கிடைத்தது நம் மலாயன் குட்டைத் தென்னை. அதைப் பனாமா நெட்டையோடு கலந்து 'மேபான்' என்ற கலப்பினத்தை உருவாக்கி ஜமைக்காவில் ஏராளமாக நட்டார்கள். பின்னாளில் அங்கே அதுவும் நோயில் விழத் தொடங்கியது. இங்கே, நம் மண்ணிலேயே, வேறு பைட்டோபிளாஸ்மாக்கள் மலாயன் குட்டைகளிலும் காணப்படுகின்றன. ஓரிடத்துக் கிருமியைத் தாங்கும் மரம் எல்லா இடத்துக் கிருமியையும் தாங்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

கேரளத்தின் ஈராற்றுப்பேட்டையில் 1882 வெள்ளத்துக்குப் பிறகு முதலில் கவனிக்கப்பட்ட வேர்வாடல் நோய் இன்று தமிழ்நாட்டின் தேனி, பொள்ளாச்சி வட்டாரங்கள்வரை வந்து தென்னை விவசாயிகளைக் கலங்கடிக்கிறது. இலங்கையின் தென்கோடியில் வெலிகமவில் 2006இல் இலைவாடல் நோய் தோன்றியது. இரண்டிலும் பைட்டோபிளாஸ்மா கண்டறியப்பட்டுள்ளது.

இதைப் படித்துவிட்டு வீட்டுத் தென்னையில் ஒரு மட்டை மஞ்சளானதும் பதற வேண்டாம். மெக்னீசியக் குறைவாலும் மட்டை மஞ்சளாகும். வேரில் நீர் தேங்கினாலும் ஆகும். சிவப்புக் கூன்வண்டு தண்டைக் குடைந்தாலும் குருத்து சாயும். சந்தேகம் வந்தால் அருகிலுள்ள விவசாய இலாகாவில் சொல்லுங்கள். கத்தரிச் செடியில் மட்டும் நீங்களே முடிவெடுக்கலாம்: இலைகள் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிறுத்து, பூக்காமல் புதராக நின்றால் பிடுங்கிவிடுங்கள். 'பச்சையாத்தானே இருக்கு, போகட்டும்' என்று விட்டுவைக்கும் அந்த ஒரு செடியிலிருந்துதான் தத்துப்பூச்சி அடுத்த பாத்திக்குக் கிருமியைக் கொண்டுபோகிறது.

மாணவியின் தொட்டிகளுக்கு நான் தடை போட்டதும் இதனால்தான். நோயுற்ற கிளையை வெட்டி நட்டாலும் ஒட்டுக் கட்டினாலும் புளோயத்தில் இருக்கும் கிருமி கூடவே வரும். இருபது தொட்டி விற்றால் இருபது வீட்டு வாசலுக்கு நோயை நாமே கொண்டுபோய் இறக்கியிருப்போம். தத்துப்பூச்சிக்குக்கூட அவ்வளவு வேகம் கிடையாது.

பாட்டி முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். "பூஜைக்குப் பறிக்கிற செடி, பச்சையா பூத்தா என்ன?" என்றாராம். பிறகு பேத்தி அந்தப் பூவைப் பிரித்துக் காட்டி, உள்ளே மகரந்தமும் இல்லை, சூலும் இல்லை, வெறும் இலைதான் என்று சொன்ன பிறகு, அவரே மண்வெட்டியை எடுத்து வேரோடு தோண்டியிருக்கிறார். பக்கத்தில் இருந்த இரண்டு நித்தியகல்யாணிகள் இன்னும் வெள்ளையாகவே பூக்கின்றன. மாணவி வாரம் ஒருமுறை படம் எடுத்துத் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வருகிறாள்.